வயலில் போட்ட உரம் கடலுக்குப் போன கதை

ஆறு மண்ணை அரித்துக் கடலில் சேர்க்கும் என்று பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். கண்ணுக்குத் தெரியாத ஒன்றையும் அது சுமந்து போகிறது: நைட்ரஜன். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த வரலாறு இது.

1909இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர், காற்றிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு அம்மோனியா தயாரித்துக் காட்டினார். கார்ல் போஷ் 1913இல் ஓப்பாவ் ஆலையில் அதைப் பெருமளவில் உற்பத்தி செய்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க மக்காச்சோள வயல்களில் இந்த உரம் கொட்டப்பட்டது. பயிர் எடுத்தது போக மிச்சம் நைட்ரேட்டாகக் கரைந்து மிசிசிப்பி ஆற்றில் இறங்கியது. அலாஸ்கா, ஹவாய் நீங்கலான அமெரிக்காவின் ஐந்தில் இரண்டு பங்கு நிலத்துக்கு அதுதான் வடிகால்.

மெக்சிகோ வளைகுடாவில், ஆறு கடலில் சேரும் இடத்தில், பாசி பெருகியது. அது மடிந்து அடியில் அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துவிடும். மீன்கள் விலகிப் போகும். நகர முடியாத உயிர்கள் சாகும். 1985 முதல் நான்சி ரபலே என்ற கடல் அறிஞர் இந்த ‘இறந்த பகுதி’யை அளந்து வந்தார். 2017இல் அதன் பரப்பு சுமார் 22,700 சதுர கிலோமீட்டர்!

இவ்வளவு நைட்ரஜன் எந்த நிலத்திலிருந்து வந்தது? 1997இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் ஸ்மித், ஷ்வார்ஸ், அலெக்சாண்டர் மூவரும் ‘ஸ்பாரோ’ என்ற கணித மாதிரியை வெளியிட்டார்கள். பெயர் சிட்டுக்குருவி என்றாலும் வேலை பெரிது. உரம், சாணம், கழிவுநீர் எல்லாம் வரவு. வழியில் குறைவது செலவு. கிடைக்கும் மீதியை, ஆற்றில் உண்மையாக அளந்த அளவோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்கள்.

2000இல் வந்த முடிவுதான் முக்கியம். சின்ன ஓடைகளில் தண்ணீர் ஆழமில்லாமல் அடிமண்ணைத் தொட்டுக்கொண்டே ஓடுகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைச் சிதைத்து, நைட்ரஜனை மறுபடி காற்றுக்கே அனுப்பிவிடுகின்றன. இப்படி ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். ஆழமான மிசிசிப்பியிலோ நாளொன்றுக்கு அரை விழுக்காடுதான். அதனால், கடலிலிருந்து வெகுதூரத்தில் இருந்தாலும் பேராற்றங்கரை வயலின் உரம் கடலுக்குப் போய்விடும். அருகில் இருந்தும் ஓடைக்கரை வயலின் உரம் வழியிலேயே குறைந்துவிடும்.

ஆக, எந்த வயலில் உரத்தைக் குறைத்தால் கடல் பிழைக்கும் என்பது தெரிந்துவிட்டது. 2015க்குள் இறந்த பகுதியை 5,000 சதுர கிலோமீட்டராகச் சுருக்குவோம் என்று 2001இல் திட்டமும் போட்டார்கள். ஆனால் வயல் உரத்தைக் குறைப்பதை விவசாயிகளின் விருப்பத்துக்கே விட்டார்கள். கெடு 2035க்குத் தள்ளிப்போனது.

கணக்கு தெரியாமல் கெடுவது வேறு, விடை தெரிந்தும் தள்ளிப்போடுவது வேறு. உங்கள் கருத்தையும் எழுதுங்கள்.