வாசிக்க முடியாமை யாருடையது?

'வாசிக்க முடியாத பகுதி' என்று டிஎன்ஏவின் சில இடங்களை விஞ்ஞானிகள் சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்த முடியாமை பிரதியினுடையதா, கருவியினுடையதா என்பதே என் கேள்வி.

1977இல் ஃப்ரெடரிக் சாங்கர் தந்த வாசிப்பு முறை சத்தமில்லாமல் ஒரு நிபந்தனை வைத்தது: இழை நூல் பிடித்த மாதிரி நேராகக் கிடக்க வேண்டும். ஜி, சி எழுத்துகள் நெருங்கிய இடத்தில் இழை அப்படிக் கிடக்காது. தன்மேலேயே மடிந்து கொண்டை ஊசியாக ஒட்டிக்கொள்ளும். நகலெடுக்கும் நொதி அங்கே வந்ததும் நின்றுவிடும். துண்டுகள் மடிந்தபடியே ஜெல்லில் ஓடினால் பட்டைகள் நெருங்கி வரிசை குழம்பும். ஜிக்குப் பதில் இனோசின், 7-டீயாசா குவானின் என்று மாற்றுகளைப் போட்டு மடிப்பைத் தளர்த்தினார்கள். சில மடிப்புகள் மசியவேயில்லை.

1991இல் அடையாளம் காணப்பட்ட எஃப்எம்ஆர்1 மரபணுவை எடுத்துக்கொள்வோம். இதில் சிஜிஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். 200 தடவையைத் தாண்டினால் மரபணு பெரும்பாலும் மௌனமாகிவிடும். ஃப்ரஜைல் எக்ஸ் என்ற பரம்பரை அறிவுவளர்ச்சிக் குறைபாடு அதன் விளைவு. இவ்வளவு நீண்டுபோன பிரதியை எழுத்தெழுத்தாக வாசிக்க வழியில்லாமல் நீளத்தை அளந்தார்கள். இத்தனை பெரிசு, அவ்வளவுதான். ஆனால் நடுநடுவே ஏஜிஜி குறுக்கிடுகிறதா என்பதைப் பொறுத்து, தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகையில் தொடர் மேலும் நீளும் அபாயம் கூடும், குறையும். வெறும் நீளம் அந்தத் தாய்க்கு இதைச் சொல்லாது.

இதற்கிடையில் 2000 ஜூன் 26 அன்று வெள்ளை மாளிகையில் மனித மரபணுத்தொகுதியின் முதல் வரைவை கிளின்டன் அறிவித்தார். 2003இல் 'முடிந்தது' என்றார்கள். வாசிக்காத இடங்களில் 'என்' என்ற ஆங்கில எழுத்தை வரிசையாக நிரப்பி வைத்தார்கள். சுமார் 8 சதவீதம் 2022இல்தான் நிரம்பியது. அந்த இடைவெளி பெரும்பாலும் மடிப்பால் வந்ததல்ல, ஒரே வரி மீண்டும் மீண்டும் வந்ததால். ஆனாலும் ஒதுக்கிய தர்க்கம் ஒன்றே: கருவிக்குச் சிக்காததைக் கணக்கில் சேர்க்காமல் முழுமை பேசுவது.

விஞ்ஞானமே சதி என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திருத்தியதும் விஞ்ஞானம்தான். ஒற்றை மூலக்கூறை நீளமாக வாசிக்கும் கருவியால் 2013இல் 750 சிஜிஜி கொண்ட பிரதியைக் கடைசிவரை வாசித்தார்கள். மடிப்பு மாறவில்லை, வாசிக்கும் விதம் மாறியது. அதனால்தான் 'முழுமை' என்ற அறிவிப்பு வரும்போதெல்லாம், எந்தக் கருவியின் கணக்கில் முழுமை என்று கேட்டாக வேண்டியிருக்கிறது.