காலி இடம்னு ஒண்ணு உண்டா?

சென்னை பாரிமுனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் ஒரு யோசனை ஓடும். ஒரு பக்கம் மூச்சுமுட்டும் ஜார்ஜ் டவுன் சந்துகள். எதிரே உயர் நீதிமன்றத்தின் விஸ்தாரமான வளாகம். நடுவில் ஒரு சாலைதான். ஏன் இப்படி?

விடை பீரங்கியில் இருக்குங்க. இன்று நீதிமன்றம் இருக்கும் இடத்தில்தான் பழைய 'கறுப்பர் நகரம்' இருந்தது. நெசவாளர்களும் வணிகர்களும் குடியிருந்த ஊர். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள், இடிப்பும் தொடங்கியது. 1749-ல் கோட்டை திரும்பக் கிடைத்த பிறகு ஆங்கிலேயர்கள் மிச்சத்தை இடித்தார்கள். வீடுகளின் மறைவில் எதிரி நெருங்கிடுவானாம்! ஜனங்கள் வடக்கே போய்க் குடியேறினார்கள். இங்கே யாரும் கட்டக்கூடாதுன்னு எல்லைத்தூண்கள் வேறு. 1773 என்று பொறித்த ஒன்று டேர் ஹவுஸில் இன்னும் நிற்குது.

இடம் என்பது மனுஷங்களைப் போட்டு வைக்கும் வெறும் பாத்திரம் இல்லை, சமூகம் உற்பத்தி செய்யும் பொருள் என்று 1974-ல் பிரான்சின் ஆன்றி லெஃபெவ்ர் ஒரு புத்தகமே எழுதினார். அப்படி உருவான இடம் திரும்பவும் சமூகத்தை உருவாக்கும் என்றார் புவியியலாளர் எட்வர்ட் சோஜா. பாரிமுனையில் ரெண்டுமே தெரியும். அதிகாரம் ஊரைக் காலியாக்கியது. காலியான மண்ணில் 1892-ல் அதிகாரத்தின் இன்னொரு கட்டடம் எழுந்தது. நெரிசல் சாலைக்கு வடக்கேயே தங்கிவிட்டது.

1906-ல் பெயரை மாற்றி 'ஜார்ஜ் டவுன்' ஆக்கினார்கள். சந்துகள் அகலமாகவில்லை.

அடுத்தமுறை போனால் அந்தத் தூணைப் பாருங்க. எல்லை எழுதியிருக்கும். வீட்டை இழந்தவங்க பெயர் ஒண்ணுகூட இருக்காது.