ரீச்சரும் டீச்சரும்

விடுதி வாழ்க்கையின் வரலாறு பற்றி எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். அதிபர்களின் காலவரிசையையும் கட்டடங்கள் எழுந்த கதையையும் என்னிலும் மூத்த அக்காமார் நன்றாகவே எழுதுவார்கள். விடுதியில் யார் யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்பதை நான் எழுதுகிறேன். அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது எனக்கு வயது பதினான்கு. அடுத்த ஆண்டு வன்னி, வவுனியா என்று அலைந்து கொழும்புக்கு வந்து எமது கல்லூரி விடுதியில் சேர்ந்தேன். ஒரே சாப்பாட்டு மேசையில் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என்று மூன்று தமிழ்கள் இருந்தன. வீட்டிலிருந்து வந்துபோகும் கொழும்புப் பிள்ளைகள் பாதி ஆங்கிலத்தில் கதைத்தார்கள்.

முதல் வாரமே பிரதான மண்டபத்தை நான் 'ஹோல்' என்று சொன்னேன். எல்லோரும் 'ஹோலுக்குள்' இருக்கிறார்கள் என்றேன். வகுப்பே சிரித்தது. நான் சொன்னது அவர்கள் காதில் துவாரம் என்று விழுந்திருக்கிறது. சரியான ஒலி எது என்று பிறகு ஒரு தோழி பத்துத் தரம் சொல்லிக் காட்டினாள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. 

மருத்துவ பீடத்துக்குப் போன பிறகுதான் ஏன் அப்படிக் கேட்டது என்று விளங்கியது. ஆறு மாதக் குழந்தை எந்த மொழியின் ஒலி வேறுபாட்டையும் ஓரளவு பிரித்து அறியும். ஒரு வயதை நெருங்கும்போது வீட்டில் கேட்காத ஒலிகளில் அந்தக் கூர்மை மங்கிவிடும். ஆங்கிலத்தில் மண்டபத்துக்கான சொல்லில் வரும் உயிரொலி ஆகாரத்துக்கும் ஓகாரத்துக்கும் நடுவில் பிறப்பது. அது தமிழிலும் இல்லை, சிங்களத்திலும் இல்லை. ஆகவே அந்தச் சொல்லை ஒருவர் சொல்லும் விதம் அவருடைய கெட்டித்தனத்தைக் காட்டுவதில்லை. அவர் தொட்டிலில் கிடந்தபோது வீட்டில் யார் என்ன மொழி கதைத்தார்கள் என்பதைத்தான் காட்டுகிறது.

இலங்கையில் இதற்கு ஒரு பட்டப்பெயரே இருக்கிறது. இந்த ஒகர ஓகார ஒலிகளை மாற்றிச் சொல்பவர்களை 'நொட் பொட்' ஆட்கள் என்பார்கள். 1945இல் வந்த இலவசக் கல்வியும் அதையொட்டி வந்த சுயமொழிக் கல்வியும் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் வரை கதவைத் திறந்தன. ஆனால் உத்தியோகத்துக்கான நேர்முகப் பரீட்சையில் அந்த ஓர் ஒலி காட்டிக்கொடுத்துவிடும். சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு 'கடுவ', அதாவது வாள், என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. பேராசிரியர் திரு கந்தையா 1984இல் அந்தச் சொல்லையே தலைப்பில் வைத்து ஆங்கிலத்தின் அதிகாரம் பற்றிக் கட்டுரை எழுதினார்.

இவ்வளவும் எழுதியது எனக்கு நடந்த அநியாயத்தைச் சொல்ல என்று நினைக்கவேண்டாம். இனித்தான் விஷயம்.

அதே தவணையில் ஹற்றன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பிள்ளை வந்து சேர்ந்தாள். என்னிலும் ஒரு வயது இளையவள். முதல் நாள் எழுந்து நின்று "டீச்சர்" என்று கூப்பிட்டாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாங்கள் நாலைந்து பேரும் சிரித்தோம். எங்களுக்கு அது 'ரீச்சர்'. அவள் நாக்கை மடித்துச் சொன்ன டகரம் எங்களுக்குத் தமிழ்நாட்டுச் சினிமாவாகக் கேட்டது. 'ஆமாங்க' என்றால் இன்னொரு சிரிப்பு. கொழும்புப் பிள்ளைகளிடம் பட்டதை அவளிடம் இறக்கி வைத்தோம் போலும்.

'ரீச்சர்' எங்கிருந்து வந்தது? காற்று, வெற்றி ஆகிய சொற்களில் வரும் இரட்டை றகரத்தை யாழ்ப்பாணத்தில் நுனிநாக்கால் மேற்பல்லுக்குப் பின்னாலுள்ள முரசில் ஒற்றி ஒலிப்போம். ரகர அதிர்வு அதில் கலப்பதில்லை. ஆங்கிலத்தில் ஆசிரியருக்கான சொல்லின் முதல் மெய்யும் ஏறக்குறைய அதே இடத்தில் பிறப்பதுதான். ஆகவே ரகர றகரங்களைப் போட்டு ரீச்சர், ரிக்கற் என்று எழுதினோம். இன்று உங்களிற் பலர் குடியிருக்கும் நகரத்தையும் அப்படித்தான் ரொறன்ரோ ஆக்கினோம். இதைப் படிக்கும் தமிழ்நாட்டார் எழுத்துக்கு எழுத்து வாசித்து எங்களைப் பார்த்துச் சிரிப்பது தனிக்கதை. அவர்களும் மலையகத்தவரும் அந்த மெய்யை டகரமாகக் கேட்டார்கள். இரு பகுதியாரும் இல்லாத ஓர் ஒலிக்குத் தங்களிடம் இருந்ததில் கிட்டியதை எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

எங்கள் தமிழே சுத்தம் என்ற நினைப்புக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. ஆறுமுக நாவலரின் உரைநடை எங்கள் ஊரில் பிறந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதல் பட்டம் கொடுத்தபோது பெற்ற இருவரும், சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும், யாழ்ப்பாணத்தார். ஆனால் அது ஏட்டுத் தமிழின் பெருமை. வாயைத் திறந்தால் நாங்கள் 'வாளைப்பளம்' என்றுதான் சொல்கிறோம். பேச்சில் ழகரம் எங்களிடமிருந்து போய் எத்தனையோ காலம். இலங்கை வானொலியில் தமிழ்நாட்டையும் சேர்த்துக் கட்டிப்போட்ட உச்சரிப்புக்காரர் பி. எச். அப்துல் ஹமீத் கொழும்பைச் சேர்ந்தவர்.

ஹற்றன் பிள்ளையின் முன்னோர் கோப்பிக்கும் தேயிலைக்கும் காடு வெட்ட வந்தவர்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த மக்களைத்தான் நாடற்றவர்களாக்கியது. நாங்கள் அவளுடைய டகரத்துக்குச் சிரித்தபோது இதில் ஒன்றும் எங்கள் மனதில் இல்லை. அவள் தோட்டத்துப் பிள்ளை என்பது மாத்திரம் நன்றாகத் தெரிந்திருந்தது.

உச்சரிப்பால் என்ன நடக்கும் என்று தெரியாதவர்களும் அல்லர் நாங்கள். கொழும்புக்கு அனுப்பும்போது, "பஸ்ஸில வாய் திறக்காதை" என்றுதான் அம்மா சொல்லிவிட்டார். 1983 ஜூலையில் தெருவில் மறித்தவர்கள் வாளியைக் காட்டி அதன் சிங்களப் பெயரைச் சொல்லச் சொன்னதை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. 'பால்திய' என்பது அந்தச் சொல். போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. அதன் முதலெழுத்தின் ஒலியைத் தமிழில் சரியாக எழுதிக்காட்டவும் எனக்கு வழியில்லை. நாக்கு அதில் தடுக்கினால் ஆள் தமிழர். அப்படி அம்மா சொல்லக் கேட்டு வளர்ந்த நான்தான் சாப்பாட்டு மேசையில் இன்னொரு பிள்ளையின் நாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

படிப்பு முடிந்து உள்ளகப் பயிற்சிக்கு மலைநாட்டு வைத்தியசாலை ஒன்றுக்குப் போனேன். ஒருநாள் தோட்டத்திலிருந்து ஒரு தாய் வந்தார். "காய்ச்சலோ?" என்றேன். "ஆமா..." என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு "ஓம்" என்று திருத்திக்கொண்டார். "தலையிடியோ?" "ஓம்." "சத்தி எடுத்தனீங்களோ?" அதற்கும் "ஓம்." எழுதிக்கொண்டேன். சேலைன் ஏற்ற ஆயத்தம் செய்தபோது பக்கத்தில் நின்ற தாதி, அந்த ஊர்க்காரி, கேட்டார்: "வாந்தி எடுத்தீங்களாம்மா?" 

"இல்லீங்களே." 

சத்தி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. என் ஒலிக்குத் தன் ஒலியை மாற்றிக்கொண்டவர், என் கேள்வி விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார். நான் எழுதிய நோய் வரலாற்றில் பாதி பிழை. அன்றிலிருந்து மலைநாட்டில் 'வாந்தி' என்றும் 'தலைவலி' என்றும் கேட்கப் பழகினேன். வாயில் வர ஒரு மாதம் சென்றது. என் 'தலைவலி'யைக் கேட்டு அந்தத் தாதி முதல் சில நாட்கள் சிரித்ததையும் சொல்லவேண்டும்.

அந்தத் தாயின் "ஓம்" கேட்ட அன்றிரவு எனக்கு விடுதி நினைவு வந்தது. இரண்டாம் வாரத்திலிருந்து ஹற்றன் பிள்ளை 'டீச்சர்' என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். 'மிஸ்' என்றாள். 'மிஸ்'ஸில் பிடிபட ஒன்றும் இல்லை. பிறகு கையுயர்த்துவதே குறைந்தது. சாதாரண தரம் எழுதிவிட்டுப் போனவள், உயர்தரத்துக்குத் திரும்பி வரவில்லை. அதற்கு ஆயிரம் காரணங்கள் இருந்திருக்கலாம். வீட்டில் பணம் இல்லாதிருந்திருக்கலாம். நாங்கள் யாரும் கேட்கவில்லை.

இந்த மலர் ஹற்றனுக்கும் போகும், ரொறன்ரோவுக்கும் சிட்னிக்கும் போகும் என்று குழுவினர் சொல்கிறார்கள். தங்கச்சி, உன் கையில் இது கிடைத்தால், சங்கத்துக்கு ஒரு வரி எழுதிப் போடு. தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து ஜன்னலோரம் உனக்கு அடுத்த கட்டிலில் படுத்தவள் நான்.