அலைக்கு நாள் குறித்த கதை

காஞ்சியில் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்ம பல்லவன்தான் மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலையும் எழுப்பினான். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் அது. தலைநகர் உள்நாட்டில், துறைமுகம் கடலோரத்தில். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும்வரை மாமல்லபுரமும் கோவளமும் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. பட்டு எடுக்க எங்கள் காஞ்சிக்கு வருகிறவர்களில் பலர் அப்படியே கடற்கரைக் கோயிலையும் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புகிறார்கள். விடிகாலையில் போனால் கோயிலைத் தாண்டி, கரையைக் காக்கக் கொட்டிய கற்களுக்கும் அப்பால், பலகை மேல் உட்கார்ந்து தெற்கே பார்த்துக் காத்திருக்கும் இளைஞர்களைப் பார்க்கலாம். இந்தக் கடற்கரையில்தான் 2023 ஆகஸ்டில் உலக சர்ஃப் லீக்கின் தகுதிச் சுற்றுப் போட்டி நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பும் இங்கேதான். அதில் ரமேஷ் புதிஹால் வென்ற வெண்கலம், அந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தனிநபர் பதக்கம்.

அலை வரும் என்று நம்பி நாடு விட்டு நாடு பலகையைச் சுமந்து வருகிறார்கள். நாளை காலை ஆறு மணிக்கு இந்த உயரத்தில், இந்தத் திசையிலிருந்து அலை வரும் என்று இன்று கைபேசி சொல்கிறது. அப்படிச் சொல்லும் வித்தை எங்கே பிறந்தது? அதன் முதல் அத்தியாயத்துக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்னைக் கடற்கரையே போதும்.

துறைமுகம் இல்லாத காலத்தில் சென்னைக்கு வந்த கப்பல்கள் கரையிலிருந்து எட்டவே நங்கூரமிட்டு நின்றன. ஆளும் சரக்கும் கரையேற மசுலா படகுதான் வழி. ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் சேர்த்த படகு அது. அலை மோதினால் விறைத்து நின்று உடையாது, வளைந்து கொடுக்கும். அந்தப் படகாலும் கடக்க முடியாத நாள்கள் இருந்தன. அப்போது கரையிலிருந்த அலுவலகத்தில் கொடி ஒன்று ஏறும். இன்று அலையைக் கடக்க முடியாது, யாரும் கப்பலை விட்டு இறங்க வேண்டாம் என்பது அதன் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டு மாலுமிகள் கையில் வைத்திருந்த ஹார்ஸ்பர்க்கின் வழிகாட்டி நூலிலேயே இந்தக் கொடி பதிவாகியிருக்கிறது. கொடி ஏறிய நாளிலும் கட்டுமரக்காரர்கள் கடலில் இறங்கினார்கள். கப்பலுக்கான கடிதங்களைத் தலையில் அணிந்த நீர்புகாத குல்லாவுக்குள் வைத்துக்கொண்டு, நுரைக்குள் மூழ்கி எழுந்து கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். எந்த அலைக்குப் பின் கடல் கொஞ்சம் அடங்கும், எந்த நொடியில் துடுப்பைப் போட வேண்டும் என்ற கணக்கு அவர்கள் கையில் இருந்தது. கட்டி முடியும் நிலையில் இருந்த துறைமுகத்தை 1881 புயல் உடைத்தது. பிறகு அது மீண்டும் எழுந்தபோது மசுலாக்காரர்களின் பிழைப்பு மெல்லப் போயிற்று. அலையின் நிலையை ஊருக்கே தெரியும்படி அறிவிக்கும் வழக்கம் நம் கடற்கரையில் அத்தனை காலம் முன்பே இருந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். உலக சர்ஃபிங் வரலாறு எழுதுகிறவர்களும் அதைச் சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

ஆனால் அந்தக் கொடி சொன்னது இன்றைய நிலையை மட்டும். நாளையைச் சொல்லும் கணக்கு ஒரு போரில் பிறந்தது.

1942. வட ஆப்பிரிக்காவில் படைகளை இறக்க அமெரிக்கா ஆயத்தமானது. தட்டையான அடிப்பாகம் கொண்ட சிறு படகுகளில் வீரர்கள் ஒத்திகை பார்த்தார்கள். அலை சில அடி உயர்ந்தாலே படகு பக்கவாட்டில் திரும்பிக் கவிழப் பார்த்தது. அத்தகைய நாள்களில் ஒத்திகையை நிறுத்தினார்கள். இதைக் கவனித்த வால்டர் மங்க் என்ற இளைஞர், மொராக்கோ கரையின் குளிர்கால அலைப் பதிவுகளைத் தேடிப் பார்த்தார். பெரும்பாலான நாள்களில் அங்கே அலை அதைவிட உயரம். வியன்னாவில் 1917-ல் பிறந்து கலிஃபோர்னியாவில் கடலியல் படித்துக்கொண்டிருந்த அவர், தம் ஆசிரியரும் ஸ்க்ரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் இயக்குநருமான ஹரால்ட் ஸ்வெர்ட்ரூப்பை அழைத்தார். இருவரும் உட்கார்ந்து ஒரு வழி கண்டார்கள்: காற்று எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம் வீசியது, எவ்வளவு தூரம் கடல்மேல் தடையின்றி ஓடியது என்ற மூன்றும் தெரிந்தால் பிறக்கும் அலையின் அளவைச் சொல்லலாம். அது புயலை விட்டு விலகி எவ்வளவு பயணப்பட்டு வருகிறது, கரையருகே எப்படி உயர்ந்து உடைகிறது என்பதையும் சேர்த்தால் கரையில் இறங்கலாமா என்று சொல்லிவிடலாம்.

கடலில் ஓர் அலைபோல் இன்னோர் அலை இருப்பதில்லை. எதை ‘அலை உயரம்’ என்று எடுப்பது? படகோட்டிகளைக் கேட்டார் மங்க். அவர்கள் கண்ணளவில் சொன்ன உயரத்தைக் கருவிப் பதிவோடு ஒப்பிட்டபோது, வந்த அலைகளில் மிக உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரியோடு அது பொருந்தியது. இன்று உலகெங்கும் வானிலை அறிக்கைகளில் வரும் அலை உயரம் அந்தச் சராசரிதான். செய்தியில் ‘2 மீட்டர் அலை’ என்று படித்தால், அதைவிடப் பெரிய அலைகளும் வரும் என்று சேர்த்துப் படிக்க வேண்டும். கடலுக்குப் போகிறவர்களுக்கு இது உயிர்ச் செய்தி. ஒரு பெரிய விஞ்ஞானி படகோட்டியின் கண்ணை அளவுகோலாக ஏற்றது எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த இடம்.

ஸ்க்ரிப்ஸில் இந்தக் கணிப்பைப் பயின்ற ராணுவ அதிகாரிகள் பல முனைகளுக்குப் போனார்கள். 1944 ஜூன் 5 அன்று நார்மண்டியில் இறங்குவதாக இருந்த படை, மோசமான வானிலையால் ஒரு நாள் தள்ளி ஜூன் 6-ல் இறங்கியது. அன்று அலை கடினம், ஆனால் இறங்க முடியாததல்ல என்று கணித்தவர்களில் மங்கிடம் பயின்றவர்களும் இருந்தார்கள்.

போருக்குப் பின் கதை இன்னும் சுவையாகிறது. பெரும் புயலில் சிறிதும் பெரிதுமாக எல்லா வகை அலைகளும் கலந்து பிறக்கின்றன. புயலை விட்டு வெளியே வந்ததும் அவை பிரிகின்றன. நீண்ட அலை வேகமாக ஓடும், குறுகிய அலை பின்தங்கும். காஞ்சியிலிருந்து ஒருவர் சைக்கிளிலும் ஒருவர் நடந்தும் ஒரே நேரத்தில் கிளம்பினால், வாலாஜாபாத்தில் இருவருக்கும் இடையிலான நேரம் குறைவு, செங்கல்பட்டில் கூடுதல், மாமல்லபுரத்தில் இன்னும் கூடுதல். இடைவெளியைப் பார்த்தே எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள் என்று சொல்லிவிடலாம். இங்கிலாந்தில் பார்பர், அர்செல் என்ற இருவர் கார்ன்வால் கரையில் பதிவான அலைகளை இப்படிப் பிரித்துப் பார்த்து, தொலைதூரப் புயல்களின் இருப்பிடத்தைக் கணக்கிட்டு 1948-ல் வெளியிட்டார்கள். ஐம்பதுகளில் மங்க்கும் ஃப்ராங்க் ஸ்னாட்கிராஸும் மெக்சிகோவுக்கு மேற்கே குவாடலூப் தீவில் கருவி வைத்தார்கள். அங்கே வந்த சில அலைகளின் பிறப்பிடம் உலகத்தின் பாதிச் சுற்றுக்கு அப்பால், நம் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் இருந்தது. 1963-ல் நியூசிலாந்திலிருந்து சமோவா, ஹவாய் வழியாக அலாஸ்காவரை நிலையங்களை நிறுத்தி ஒரே அலைத்தொடரைப் பசிபிக் முழுக்கப் பின்தொடர்ந்தார்கள். புயலை விட்டு விலகிய நீண்ட அலை, வழியில் மிகக் கொஞ்சமே வலு இழக்கிறது என்று அப்போது தெளிவாயிற்று.

இதை நம் கரைக்குப் பொருத்திப் பார்ப்போம். மே முதல் செப்டம்பர்வரை தெற்கே குளிர்காலம். தெற்கு அட்சரேகை நாற்பது, ஐம்பது பாகைகளில் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. அங்கிருந்து மாமல்லபுரம் ஏறத்தாழ 6,500 கிலோமீட்டர். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே 18 நொடி உள்ள அலைத்தொடர் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நகரும்; ஐந்தரை நாளுக்குள் வந்துவிடும். 15 நொடித் தொடர் மணிக்கு 42 கிலோமீட்டர். அதற்கு ஆறரை நாள். வழியில் இலங்கை குறுக்கே நிற்கிறது. தெற்கு, தென்மேற்குச் சாயலில் நேராக வருவதை அது பெரும்பாலும் மறித்துவிடும். தென்கிழக்குச் சாயலில் வருவதுதான் நம் கரையை நன்கு அடையும். ஆகவே நமக்கு உயரத்தோடு திசையும் முக்கியம்.

இந்தக் கணக்கைக் கல்விக்கூடத்திலிருந்து கடற்கரைக்குக் கொண்டுவந்தவர் கலிஃபோர்னியாவின் ஷான் காலின்ஸ். மெக்சிகோ கரைக்கு அலை தேடிப் போகும்போது வானொலி வழி வரும் வானிலை வரைபடங்களைப் பிடித்து, தாமே கணித்துப் பழகியவர். 1985-ல் சர்ஃப்லைன் தொலைபேசிச் சேவை தொடங்கியபோது, எண்ணைச் சுழற்றினால் அவருடைய கணிப்பைக் கேட்கலாம் என்றாயிற்று. பிறகு கணினி மாதிரிகள் வந்தன. அவற்றுக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவரான கிளாஸ் ஹாஸல்மன் 2021-ல் இயற்பியல் நோபல் பெற்றார்.

நம் நாட்டில் இந்தப் பணி ஹைதராபாத்தில் 1999-ல் உருவான இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸுடையது. கரையோரம் மிதவைகளை நிறுத்தி, செயற்கைக்கோள் பதிவோடு சேர்த்து, அலையின் உயரம், திசை, நொடி எல்லாவற்றையும் முன்கூட்டியே தருகிறது. தமிழ் உள்ளிட்ட மொழிகளில் மீனவர்களுக்குச் செய்தி போகிறது. தொலைவிலிருந்து வரும் பேரலைக்கென்றே தனி எச்சரிக்கை முறையை 2020-ல் தொடங்கியது.

ஆனால் மையம் தருவது பரந்த கடற்பரப்புக்கான கணக்கு. கரையில் என்ன நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது அடித்தரை. 15 நொடி அலையின் நீளம் ஆழ்கடலில் ஏறத்தாழ 350 மீட்டர். 175 மீட்டர் ஆழத்திலேயே அது தரையை உணரத் தொடங்கிவிடும். 8 நொடி அலைக்கு 50 மீட்டரில்தான் அந்த உணர்வு. மணற்கரையில் ஆழம் மெல்லக் குறைவதால் அலை நிதானமாக உடையும். நம் மீனவர்கள் பார் என்று சொல்லும் கடலடிப் பாறைத் திட்டில் அப்படியில்லை. ஆழத்திலிருந்து வந்த அலை திடீரென்று மேட்டில் ஏறுகிறது. அடி தடைபட, முடி முன்னே பாய்ந்து குழலாகக் கவிழ்கிறது. கீழே ஓர் ஆள் உயரம்கூட நீர் இருக்காது. லிட்டில் அந்தமானின் குமாரி பாயின்ட் அத்தகையது. தேர்ந்தவர்கள் மட்டும் போகத்தக்கது. மாமல்லபுரத்தில் பாறையும் மணலும் கலந்த தரை. அது மென்மையான அலை, இருந்தாலும் கற்கள் கற்களே.

ஆகவே பாருக்குப் போகிறவர் முதலில் நொடியைப் பார்ப்பார். 1 மீட்டரும் 16 நொடியும் என்றால், 2 மீட்டர் 7 நொடி அலையைவிட அதை அதிக மரியாதையோடு நெருங்குவார். அடுத்து திசை. அப்புறம் காற்று: காலையில் கரையிலிருந்து கச்சான் காற்று வீசினால் அலையின் முகம் நிமிர்ந்து வழவழப்பாக நிற்கும், பிற்பகலில் கடற்காற்று ஏறினால் சிதறும். கடைசியாக ஏற்றவற்றம், நம் கரையில் அது ஒரு மீட்டர் அளவில்தான், ஆனால் பாறைக்கு மேலே அந்த ஒரு மீட்டர்தான் உயிர். வடகிழக்குப் பருவத்தில் இந்தக் கணக்கே மாறிவிடும். பக்கத்துக் காற்றில் பிறந்த குறுகிய அலைகள், புயல் வந்தால் ஒழுங்கற்ற கொந்தளிப்பு.

கோவளத்து மீனவக் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன், சிறுவனாக மரப்பலகையில் அலையேறியவர். 2012-ல் அங்கே சர்ஃப் பள்ளி தொடங்கி ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். மையத்தின் எண்களைப் படித்துவிட்டுக் கரையில் நின்று தரையையும் காற்றையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த தலைமுறை இப்படித்தான் உருவாகிறது. இந்தப் பட்டறிவை மீனவர்களிடம் கேட்டு எழுதிவைக்கும் வேலையை நம் பல்கலைக்கழகங்கள் கையில் எடுக்க வேண்டும்.

இது சர்ஃபர்களுக்கான செய்தி மட்டுமல்ல. 2024 மார்ச் 31 அன்று கேரளக் கரையில் வெயிலடித்துக்கொண்டிருந்தபோதே கடல் வீடுகளுக்குள் புகுந்தது. அந்த அலைகளை எழுப்பிய காற்றழுத்தத் தாழ்வு தென் அட்லாண்டிக்கிலிருந்து தென் இந்தியப் பெருங்கடலுக்கு நகர்ந்தது என்று இன்காய்ஸ் சொன்னது. அதே ஆண்டு மே 6-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். இப்படித் தொலைவிலிருந்து சொல்லாமல் வரும் பேரலையைக் கள்ளக்கடல் என்பார்கள்; அதற்கான எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாள்கள் அவை. ஆறு நாள் முன்பே பிறந்த அலைக்கு நாள் குறிக்க முடிகிற காலத்தில் இத்தகைய சாவு நடக்கக் கூடாது.

நம் நாளிதழ்கள் அலையின் உயரத்தோடு நொடியையும் அச்சிடட்டும். மீட்டர் மட்டும் போட்டால் பாதிச் செய்தி. கோடை விடுமுறையில் மாமல்லபுரத்துக்கோ கோவளத்துக்கோ குடும்பத்தோடு போகிறீர்கள் என்றால், முந்தின இரவே இன்காய்ஸ் அறிவிப்பைப் பாருங்கள். 14 நொடிக்கு மேல் என்று இருந்தாலோ, கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தாலோ, வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பாறைகளில் ஏறாதீர்கள், பிள்ளைகளை ஈர மணலில் இறங்க விடாதீர்கள்.