காரும் கரியும்

1930-களின் நடுவில் அமெரிக்காவில் ஃபோர்டு ஷோரூமுக்குப் போனவர், காரோடு சேர்த்துக் கரியும் வாங்கி வரலாம். பையில் அடைத்த கரிக்கட்டிகளையும் கையில் தூக்கிப் போகக்கூடிய ஒரு சின்ன அடுப்பையும் சேர்த்து பிக்னிக் சாமான் என்று டீலர்கள் விற்றார்கள். இன்று அந்த நாட்டில் கோடைக்கால வார இறுதிகளில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடும் மைதானங்களில் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க முடிகிறது. பானெட் திறந்த கார், அதன் டிக்கிப் பக்கத்தில் புகையும் கரி அடுப்பு, மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து கார்புரேட்டரைப் பற்றியும் கிடைக்காத உதிரிபாகங்களைப் பற்றியும் மணிக்கணக்காகப் பேசும் மனிதர்கள். கார்ப் பிரியர்களின் வரலாறு பெரும்பாலும் எஞ்சின்கள் வழியாகவும் பந்தயங்கள் வழியாகவும்தான் சொல்லப்படுகிறது. அடுப்பு அதில் வெறும் சாப்பாட்டு விஷயமாக ஓரத்தில் நின்றுவிடுகிறது. அதை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் வாதம். கார் கண்காட்சி என்ற நிகழ்ச்சி, காரைச் செய்து விற்பவர் கையிலிருந்து காரை வைத்திருப்பவர் கைக்கு எப்படி மாறியது என்பதற்கு அந்த அடுப்பை விட நல்ல சாட்சி இல்லை.

தொடக்கத்தில் கண்காட்சி முழுக்க முழுக்க விற்பவருடையதாகவே இருந்தது. 1900 நவம்பரில் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் அந்நாட்டின் முதல் பெரிய மோட்டார் கண்காட்சி நடந்தது. நீராவிக் கார், மின்சாரக் கார், பெட்ரோல் கார் மூன்றும் சமமாகப் போட்டியிட்ட காலம் அது. வண்டியை ஓட்டிக் காட்ட அரங்குக்குள் மரப்பலகைத் தடம் போட்டிருந்தார்கள். மேடு ஏறும் என்று நிரூபிக்கச் சரிவும் கட்டியிருந்தார்கள். வருகிறவர் சீட்டு வாங்கி உள்ளே போய், பார்த்து, விலை கேட்டு, வெளியேறுவார். அரை நூற்றாண்டு கழித்து ஜெனரல் மோட்டார்ஸ் 1949-இலிருந்து 1961 வரை நடத்திய மோட்டோரமாவில் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலின் பகட்டும் ஆட்டமும் பாட்டும் வந்து சேர்ந்தன. ஆனால் வருகிறவரின் வேலை மாறவில்லை. அங்கே அவர் கொஞ்ச நேரத்து விருந்தாளி, நாளைய வாடிக்கையாளர். அவருக்கு உட்கார இடமும் சமைக்க நேரமும் யாரும் ஒதுக்க வேண்டிய தேவையே எழவில்லை.

கரியின் கதை மிச்சிகனின் வடக்குத் தீபகற்பத்தில், அயர்ன் மவுண்டனில் தொடங்குகிறது. 1908-இல் வந்த மாடல் டி காருக்கு வெளியே தகடுதான் தெரியும். உள்ளே உடற்கூடு, தரை, சக்கர ஆரங்கள் என்று ஏராளமாக மரம் இருந்தது. முதலில் 850 டாலருக்கு விற்ற அந்தக் கார் 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. 1927-இல் நிறுத்தப்படும்போது ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்திருந்தார்கள். அத்தனைக்கும் மரம் வேண்டும். ஹென்றி ஃபோர்டின் உறவுக்காரப் பெண்ணை மணந்திருந்த எட்வர்ட் கிங்ஸ்ஃபோர்டு அந்தப் பகுதியில் நில விற்பனையும் ஃபோர்டு டீலர் தொழிலும் செய்தவர். அவர் வழியாக 1920 வாக்கில் 3 லட்சம் ஏக்கருக்கு மேல் காடு வாங்கப்பட்டது. மர அறுவை ஆலை எழுந்தது. கூடவே கிளை, பட்டை, மரத்தூள் என்று கழிவு மலை போலக் குவிந்தது. எதையும் வீணாக விடக் கூடாது என்பதில் ஃபோர்டு பிடிவாதக்காரர். ஆரிகன் பல்கலைக்கழக வேதியியலாளர் ஓரின் ஸ்டாஃபோர்டு வகுத்திருந்த முறைப்படி, காற்றுப் படாத உலையில் மரக்கழிவைக் கருக்கினார்கள். ஆவியாக வந்ததைக் குளிரவைத்து மெத்தில் ஆல்கஹாலும் அசெட்டேட்டும் தாரும் எடுத்தார்கள்; எரிவாயுவும் கிடைத்தது. மிஞ்சிய கரியைப் பொடித்து, ஸ்டார்ச் பசையில் பிசைந்து, அச்சில் அழுத்தி, சின்னத் தலையணை போலக் கட்டிகளாக்கி உலர்த்தினார்கள். ஒரு டன் கழிவிலிருந்து சுமார் 600 பவுண்டு கரி கிடைத்தது. கரிக்கட்டியைக் கண்டுபிடித்தவரே ஃபோர்டுதான் என்று ஊர் பேசுவது சரியல்ல. பென்சில்வேனியாவின் எல்ஸ்வொர்த் ஸ்வொயர் 1897-லேயே அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஃபோர்டு சேர்த்தது வேறு இரண்டு: ஓயாமல் வரும் கழிவு, ஊர்தோறும் இருக்கும் டீலர் கடை. அதே ஆலையின் மரப் பாகங்கள்தான் 1929 முதல் ஃபோர்டின் மர உடல் ஸ்டேஷன் வேகன்களுக்கும் போயின. இன்று வார்னிஷ் மின்ன ஒரு பழைய ‘உட்டி’ மைதானத்தில் நிற்க, அதன் பக்கத்து அடுப்பில் கிங்ஸ்ஃபோர்டு கரி எரிந்தால், அவை இரண்டும் ஒரே ஆலை வாசலில் பிறந்த உடன்பிறப்புகள்.

அப்படியானால் அடுப்பும் தயாரிப்பாளர் கொடுத்ததுதானே, அதை உரிமையாளரின் அடையாளம் என்று எப்படிச் சொல்வது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு மேல், 1915-க்கும் 1924-க்கும் இடையே ஃபோர்டும் எடிசனும் டயர் முதலாளி ஃபயர்ஸ்டோனும் சமையல்காரரோடும் பத்திரிகையாளர் படையோடும் காட்டுக்குப் போய்க் கூடாரம் அடித்ததும் காருக்கு நல்ல விளம்பரமே. ஆனால் கால வரிசையைப் பாருங்கள். ஃபோர்டின் ஆலை கட்டப்படுவதற்கு முன்பே, 1919-இல், ஃப்ளோரிடாவின் டாம்பாவில் டி சோட்டோ பூங்காவில் கூடிய கார்ப் பயணிகள் தகரக் குவளைச் சுற்றுலாக்காரர்கள் என்று ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். டப்பா உணவும் கூடாரமும் தீமூட்டலும்தான் அவர்கள் வாழ்க்கை. ரேடியேட்டர் மூடியில் பற்றவைத்த ஒரு தகரக் குவளைதான் அடையாளம். அந்தக் குவளை தெரிந்தால் முன்பின் தெரியாதவரும் வண்டியை நிறுத்திப் பேசுவார். எந்தத் தயாரிப்பாளரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. காரில் போய் வெளியில் சமைத்துக் கூடிப் பேசும் பழக்கத்தை மக்கள் தாங்களே உண்டாக்கினார்கள். ஃபோர்டு கடை அந்தப் பழக்கத்துக்கு விறகு விற்க முன்வந்தது. அதிலும் பெரிதாக வெற்றி பெறவில்லை. 1951-இல் அயர்ன் மவுண்டன் ஆலையை மூடிக் கரித் தொழிலை உள்ளூர் முதலீட்டாளர்களுக்கு விற்றுவிட்டது. கிங்ஸ்ஃபோர்டு என்ற பெயரில் கரி நாடெங்கும் பரவியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உரிமையாளர்கள் தாங்களே கண்காட்சி நடத்தத் தொடங்கியபோது நேரத்தின் அளவே மாறிப்போனது. இதுதான் என் வாதத்தின் அச்சாணி. விற்பனைக் கண்காட்சியில் கார் நிற்கும், ஆள் நகர்வார். உரிமையாளர் கண்காட்சியில் காரைக் கொண்டுவந்தவரும் காரோடு சேர்ந்து நிற்க வேண்டும். தன் கையால் பெயிண்ட் அடித்த வண்டியை யாரோ சாய்ந்து கீற விட்டுவிட்டு அவரால் ஓட்டலுக்குப் போக முடியாது. கேள்வி கேட்கிறவருக்குப் பதில் சொல்ல ஆளும் வேண்டும். காலையில் இடம் பிடித்தால் மாலை வரை அங்கேயேதான். பசிக்கிற இடத்திலேயே சமைத்தாக வேண்டும். தெற்குக் கலிஃபோர்னியாவில் 1937-இல் நேரக்கணிப்புச் சங்கம் தொடங்கி, மோஹாவி பாலைவனத்தின் வறண்ட ஏரிகளில் பழைய ஃபோர்டுகளை ஓட்டிப் பார்த்த இளைஞர்களுக்கும் இதே நிலைமைதான். காற்று எழும்புவதற்குள் விடியற்காலையில் ஓட வேண்டும் என்பதால் முந்தைய இரவே வந்து ஏரிப்படுகையில் தங்கினார்கள். ‘ஹாட் ராட்’ பையன்கள் என்று பத்திரிகைகள் அவர்களைத் தெருப் பொறுக்கிகளாகக் காட்டியபோது, 1948 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் ஆயுதக்கிடங்கு மண்டபத்தில் அந்தச் சங்கமே கண்காட்சி நடத்திப் பதில் சொன்னது. ராபர்ட் பீட்டர்சனின் ‘ஹாட் ராட்’ பத்திரிகை முதன்முதலில் விற்கப்பட்டது அங்கேதான். அங்கே நின்ற காரைச் செய்தவரும் ஓட்டியவரும் விளக்கியவரும் ஒரே ஆள். மேடிசன் சதுக்க அரங்கில் அப்படி ஒருவரைப் பார்த்திருக்க முடியாது.

பார்பிக்யூ காருக்கு எவ்வளவோ முந்தியது என்ற மறுப்பையும் பார்க்க வேண்டும். உண்மைதான். கரீபியத் தீவுகளின் பூர்வகுடிகளிடமிருந்து வந்த பழக்கம் அது. ஜார்ஜ் வாஷிங்டன் தம் நாட்குறிப்பில் 1769-இல் அலெக்சாண்ட்ரியாவில் ஒரு பார்பிக்யூவுக்குப் போனதை எழுதியிருக்கிறார். தென் மாநிலங்களில் குழி வெட்டி, கட்டைகளை எரித்துத் தணலாக்கி, முழுப் பன்றியை இரவெல்லாம் புரட்டிப் பக்குவம் பார்த்த கை பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினத்தாரின் கை. தேர்தல் கூட்டத்துக்கும் தேவாலய விழாவுக்கும் ஊரே வந்து உண்ட சமையல் அது. அந்தக் கலைக்குரிய மதிப்பை ஃபோர்டின் பையிலடைத்த கரிக்குத் தூக்கிக் கொடுப்பது அநியாயம். ஆனால் மைதானத்தில் கார் ஓரத்தில் எரியும் அடுப்பு அந்த வம்சத்தில் நேராக வந்ததல்ல. குழிக்கு நிலம் வேண்டும், இரவு வேண்டும், தேர்ந்த கை வேண்டும். கரிக்கட்டிக்கு அரை மணி நேரமும் டிக்கியில் கொஞ்சம் இடமும் போதும். ஒரே அளவாக எரிவதால் பழகாதவரும் ஒரு ஹாம்பர்கரைக் கருகாமல் எடுத்துவிடுவார். 1952-இல் சிகாகோவில் வெபர் சகோதரர்கள் தகட்டுப் பட்டறையில் வேலை செய்த ஜார்ஜ் ஸ்டீபன், ஏரியில் மிதக்கும் மிதவைக்கான இரும்புக் கோளத்தைப் பாதியாக வெட்டி மூடி போட்ட அடுப்பாக்கினார். காற்றும் மழையும் பெரிய தடையாக இல்லாமல் போயின. லெவிட்டவுன் போன்ற புறநகர்கள் 1947-க்குப் பின் எழுந்ததும் 1956-இன் நெடுஞ்சாலைச் சட்டமும் காரையும் கொல்லைப்புறத்தையும் ஒரே குடும்பத்தின் சொத்தாக்கின. கொல்லையில் பழகிய அடுப்பு காரில் ஏறி மைதானத்துக்கு வந்தது; அது ஏறி வர முடிந்த அடுப்பு என்பதுதான் இங்கே முக்கியம்.

இருப்பதிலேயே கடினமான மறுப்பு இனி வருவது. உரிமையாளர்களுடையது என்று சொல்கிறோமே, எல்லா உரிமையாளர்களுடையதுமா? காரும் பணமும் இருந்தும் சாலையோர ஓட்டலில் நுழைய முடியாதவர்கள் இருந்தார்கள். ஹார்லெமில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன், கறுப்பினப் பயணிகள் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று 1936 முதல் ஒரு கையேடு வெளியிட்டார். அவர் இறந்த பிறகும் 1960-களின் நடு வரை அது வந்துகொண்டிருந்தது. அந்தக் குடும்பங்கள் காரில் சோறு கட்டிக்கொண்டு போனது உல்லாசத்துக்காக அல்ல. இந்த உண்மை என் வாதத்தைக் குலைக்கவில்லை, கூராக்குகிறது. காரை நிறுத்தி இறங்கி, தன் உணவைத் தன் அடுப்பில் சமைத்து, ஒரு பொது இடத்தில் நாள் முழுக்க இருப்பது சிலருக்கு எளிதாகக் கிடைத்தது. மற்றவர்கள் அதைப் போராடி வாங்க வேண்டியிருந்தது.

மெக்சிகோ வழி அமெரிக்கர்களின் லோரைடர் கார்களின் கதையில் இது வெளிச்சமாகத் தெரிகிறது. போருக்குப் பிந்தைய லாஸ் ஏஞ்சலஸில் பழைய செவர்லேக்களின் டிக்கியில் மணல் மூட்டை போட்டுத் தாழ்த்தி, மெல்ல ஊர்ந்து போவது அவர்கள் பாணி. சக்கர விளிம்புக்குக் கீழே காரின் உடல் இறங்கக் கூடாது என்று கலிஃபோர்னியா சட்டம் போட்டது. 1959-இல் ரான் அகிர்ரே விமான உபரிச் சாமானிலிருந்து ஹைட்ராலிக் பம்புகளை எடுத்துத் தன் கார்வெட்டில் பொருத்தினார். போலீஸைக் கண்டதும் கார் எழும்பிவிடும். சான் டியேகோவில் பாலத்துக்கு அடியில் ஊர்க்காரர்களுக்குப் பூங்கா தருவதாகச் சொன்ன இடத்தில் போக்குவரத்துக் காவல் நிலையம் கட்ட 1970 ஏப்ரலில் புல்டோசர் வந்தபோது, மக்கள் அந்த நிலத்தில் உட்கார்ந்து எழ மறுத்தார்கள். அதுவே இன்று சிகானோ பூங்கா. ஆண்டு விழாவில் லோரைடர்கள் அங்கே வரிசை கட்டி நிற்கின்றன. 1980-களிலிருந்து நகரங்கள் ‘குரூஸிங்’ தடை போட்டன. குறித்த நேரத்துக்குள் ஒரே சந்திப்பைத் திரும்பத் திரும்பக் கடந்தால் குற்றம் என்பதே அவற்றின் இலக்கணம். வேகமோ புகையோ அங்கே குற்றமல்ல. எதையும் வாங்காமல், எங்கேயும் போகாமல், காரோடு சேர்ந்து இருப்பதுதான் குற்றம். மேடிசன் சதுக்க அரங்கின் விருந்தாளி எதைச் செய்ய வாய்ப்பே இல்லாமல் இருந்தாரோ, அதையே இந்தச் சட்டங்கள் குறிவைத்தன. சான் டியேகோவை அடுத்த நேஷனல் சிட்டி 1992-இல் போட்ட தடையை 2023-இல் விலக்கியது. அதே ஆண்டு இயற்றப்பட்ட மாநிலச் சட்டம், 2024 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் எந்த நகரமும் அப்படித் தடை போட முடியாது என்றது. காரைத் தாழ்த்துவதற்கு எதிரான பழைய விதியும் அதோடு போனது.