ஒரு பிள்ளை எடை ரொட்டி

பூசை முடிந்து வெளியே வரும்போது கையில் ஒரு பன் வைப்பார்கள். மந்திரித்த ரொட்டி. வீட்டுக்கு வந்து, அதைப் பிய்த்து ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தால்தான் எங்களுக்கு அந்தோணியார் திருநாள் முடிந்த கணக்கு. ஒரு வருஷம் அப்படிப் பிய்த்துக்கொண்டிருந்தபோது சின்னவள் கேட்டாள்: “அந்தோணியார் பேக்கரி வச்சிருந்தாராப்பா?”

அவள் கேட்டதில் தப்பில்லை. எங்கள் வீட்டுச் சுரூபத்தில் அவர் கையில் குழந்தை இயேசு உண்டு, லீலி மலர் உண்டு, புத்தகம் உண்டு. ரொட்டி மட்டும் இல்லை. அது எப்போது வந்து ஒட்டிக்கொண்டது?

ஜூன் 13, கோடி அற்புதர் அந்தோணியார். (ஜனவரி 17-இல் வருகிறவர் வனத்து அந்தோணியார், எகிப்துக்காரர், மாடுகளுக்குக் காவல். ரெண்டு பேரையும் பெரியவர்களே குழப்பிக்கொள்வார்கள்.) நம்மவர் 1195-இல் லிஸ்பனில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் பெர்னாந்து. பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்து, இத்தாலியில் பதுவை நகரில் பிரசங்கத்துக்குப் பேர்போனவராகி, 1231 ஜூன் 13 வெள்ளிக்கிழமை இறந்தார். 36 வயதுகூட முழுசாக ஆகவில்லை. அடக்கம் நடந்தது 17-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. சென்னை பாரிமுனை அரண்மனைக்காரன் தெருக் கோயிலில் செவ்வாய் தவறாமல் கூட்டம் நெரிவதற்குக் காரணம் அந்த அடக்க நாள்தான். அந்தத் தெருவில் அரண்மனை எதுவும் கிடையாது. ஆர்மீனியன் தெருவைத்தான் நம் வாய் அப்படி ஆக்கி வைத்திருக்கிறது.

ரொட்டிக் கதை அவர் இறந்த பிறகுதான் தொடங்குகிறது. மறு வருஷமே அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்துவிட்டார்கள். பதுவையில் கல்லறை மேல் பெரிய கோயில் எழும்பிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் தொமாசீனோ என்று ஒரு பையன், 20 மாதக் குழந்தை. அம்மா கண் மறைந்த நேரத்தில் தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்துவிட்டான். தூக்கும்போது உடம்பு விறைத்திருந்தது. அவள் போட்ட அலறலில் தெருவே கூடியது. “அந்தோணியாரே, எம்பிள்ளையக் குடுத்திரும், அவன் எடைக்கு எடை தானியம் ஏழைகளுக்குக் குடுக்கிறேன்” என்று நேர்ந்துகொண்டாளாம். நடுராத்திரியில் பிள்ளை கண் திறந்தான் என்கிறது பழைய அற்புத வரலாறு. அந்த நேர்ச்சைக்கு லத்தீனில் பேரே உண்டு: போந்துஸ் புவேரி. பிள்ளை எடை. துலாபாரம் தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்குப் பிறகு ஆறு நூற்றாண்டுக்கு மேல் தள்ளி, 1890. பிரான்சின் துறைமுக நகரம் தூலோன். லூயிஸ் பூஃபியே என்ற பெண் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். ஒருநாள் காலையில் பூட்டு திறக்கவில்லை. பூட்டுக்காரர் சாவிக் கொத்தோடு வந்து பார்த்துவிட்டு, கதவை உடைக்க வேண்டியதுதான் என்றார். அவர் ஆயுதம் எடுத்து வருவதற்குள் அம்மணி நேர்ந்துகொண்டார்: உடைக்காமல் திறந்தால் ஏழைகளுக்கு ரொட்டி. திரும்பி வந்து போட்ட முதல் சாவியிலேயே பூட்டு திறந்துகொண்டது. தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவருக்குப் பூட்டு எம்மாத்திரம். கடையின் பின்கட்டில் சின்னச் சுரூபம் ஒன்று, முன்னால் உண்டியல் என்று ஆரம்பித்தது. கப்பல்காரர்களும் பட்டாளத்துக்காரர்களும் அங்கே வந்து முழங்கால் போட்டார்கள். சில வருஷங்களில் ‘அந்தோணியார் ரொட்டி’ என்று எழுதிய உண்டியல் ஊர் ஊராகப் பரவிவிட்டது.

ஆக, முதலில் தானியம், அப்புறம் ரொட்டி, அப்புறம் உண்டியல் காசு. கடைசியாக நம் கைக்கு வந்தது மந்திரித்த பன். வழியில் எங்கேயோ திசை மாறிவிட்டது என்பது என் எண்ணம். நம் வீட்டிலிருந்து ஏழை வீட்டுக்குப் போக வேண்டியது, நம் வீட்டுக்கே வந்து நின்றுவிட்டது. பன்னைக் குறை சொல்லவில்லை, டீயில் தொட்டுக்கொள்ள நன்றாகத்தான் இருக்கிறது.

அடுத்த ஜூனில், பள்ளிக்கூடம் திறந்த கையோடு, பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அந்த ஒரு வாரத்துக்குள் பெரியவன் தண்ணீர் பாட்டிலைத் தொலைத்திருந்தான். அந்தோணியார் மேல் அவனுக்கும் கொஞ்சம் அக்கறை இருந்தது. சின்னவள் கதை முடியுமுன்னே செருப்பை மாட்டிவிட்டாள். நாங்கள் அரிசி வாங்கும் கடைக்குப் போனோம்.

“அண்ணாச்சி, பாப்பாவ ஒரு தடவ தராசுல நிக்க வைக்கலாமா?”

“எதுக்குய்யா? அவ என்ன மூட்டையா?”

விஷயத்தைச் சொன்னதும் அவரே தராசு மேல் கிடந்த சாக்கை உதறிப் போட்டுவிட்டு, அவளைத் தூக்கி நிறுத்தினார். சிவப்பு எழுத்து கொஞ்சம் ஆடி, 17.600-இல் நின்றது. “செருப்பு” என்று அவளே சொல்லி இறங்கி, கழற்றிவிட்டு ஏறினாள். 17.400. பங்கில் வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் மாதாமாதம் அரிசி கொடுக்கிற வீடுகளின் கணக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே சேர்ப்பதாகப் பேச்சு.

பெரியவன் தள்ளியே நின்றான். ஏழாம் வகுப்பு, தெருவில் தெரிந்த பையன் எவனாவது பார்த்துவிட்டால் மானம் போய்விடும். அவன் ஏறாமல் இருந்தது எனக்கும் ஒரு வகையில் நிம்மதி. பொன்னி விற்கிற விலை அப்படி. அண்ணாச்சி பில் போடக் குனிந்த நேரம் பார்த்து, திடீரென்று செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றான். 34.100.

அண்ணாச்சி கால்குலேட்டரைத் தேடவில்லை. “அம்பத்தொண்ணரை. ஒரு சிப்பம் இருபத்தாறு கிலோ. ரெண்டாப் போட்டுரவா?” என்றார்.

சின்னவள் என்னைப் பார்த்தாள். அரைக் கிலோதான் கூடுதல். போடச் சொன்னேன்.