மும்முடியும் மூன்றாம் முடியும்

பெரியகுளத்தைக் கடந்து வராகநதி வைகையை நோக்கிச் செல்லும் வழியில் மேல்மங்கலம், ஜெயமங்கலம் என்னும் ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. பாண்டியர் சோழர் காலத்துப் பட்டயங்களில் மங்கலம் என்னும் பெயரீறு பெரும்பாலும் அந்தணர்க்குப் பிரமதேயமாக விடப்பட்ட ஊர்களைக் குறிப்பது. இவ்வழக்குக்கு ஒரு பெருஞ்சான்று இத்தேனி நாட்டிலேயே கிடைத்துள்ளது. கம்பம் செல்லும் வழியிலுள்ள சின்னமனூரிற் கிடைத்த பெரிய செப்பேடு, பாண்டியன் இராசசிம்மன் தன் பதினாறாம் ஆட்சியாண்டில் நற்செய்கைப்புத்தூர் என்னும் ஊரை மந்தரகௌரவமங்கலம் எனப் பெயர் மாற்றித் தானஞ்செய்ததைக் கூறுகின்றது. அதன் வடமொழிப் பகுதி கிரந்தத்திலும் தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளன. கி.பி. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்ததாகிய இப்பட்டயத்தை ஈந்த வேந்தன், தமிழர் பெரிதும் போற்றும் ஓர் எண்ணின் வரலாற்றில் இருமுறை எதிர்ப்படுகின்றான். அவ்வெண் மூன்று.

தமிழ் மூன்று, சங்கம் மூன்று, வேந்தர் மூவர், காலம் மூன்று, இடம் மூன்று, நாடி மூன்று, குற்றேவல் முதல் கொலுமண்டபம் வரை எங்கும் மூன்று என்று அடுக்கிக் கூறுவது நம்மவர்க்குப் பழகிய வழக்கு. ஏலமிடுவோன் மூன்றாந் தரம் கூறிய பின்னரே பொருள் கைமாறும். திருமணத்தில் முடிச்சு மூன்று விழுந்த பின்னரே நாண் நிலைபெறும். உழவன் வளத்தை வாழ்த்தும்போது முப்போகம் என்பான். முல்லைப் பெரியாற்று நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களோ 14,707 ஏக்கரும் இருபோக நிலம் என்றே அரசுக் கணக்கிற் பதிவாகி வருகின்றன. வாழ்த்து வேறு, கணக்கு வேறு. இவ்வேறுபாடு வரலாற்றிற் புகுந்தவிடத்து விளைந்தன யாவை என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இவ்விருப்பம் தமிழர்க்கே உரியதென்று கொள்ளற்க. கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில், முதல் இடை கடை என்னும் மூன்றும் உடையதே முழுமை என்று பித்தகோரசின் மாணாக்கர் கொண்டமையை எடுத்துரைத்துள்ளார். ஒன்று தனிமை; இரண்டு எதிர்நிலை; மூன்றில்தான் ஒரு தொகுதி நிறைகின்றது. வடமொழியில் ஒருமை இருமை பன்மை என எண் மூன்றாகலின், பன்மை தொடங்குவதே மூன்றில். தமிழோ இரண்டிலேயே பன்மையைத் தொடங்கிவிடும். இலக்கணம் இங்ஙனம் இரண்டோடு அமைதி கொண்ட மொழியினரே எண்ணுதலில் மூன்றைப் பெரிதும் விரும்பினர் என்பது வியத்தற்குரியது.

முதற்கண் மூவேந்தர் என்னும் தொகையை நோக்குக. மௌரியப் பேரரசன் அசோகனின் இரண்டாம் பாறைக் கட்டளை, கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தன் எல்லைக்கு அப்பாற்பட்ட தென்னாட்டு அரசுகளை எண்ணுங்கால் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என நால்வரைக் கூறுகின்றது. இச்சத்தியபுத்திரர் யாவர் என்பது நெடுங்காலம் வழக்காகவே இருந்தது. காஞ்சியென்பாரும் கொங்கென்பாரும் துளுவென்பாரும் தத்தம் கருத்தை நிறுவ முயன்றனர். 1981-ஆம் ஆண்டில் திருக்கோவலூருக்கு அணித்தாகிய ஜம்பையிற் காணப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு அவ்வழக்கைத் தீர்த்து வைத்தது. அதியன் நெடுமான் அஞ்சி என்பான் தன்னைச் சதியபுதன் என்று கூறிக்கொண்டு, முனிவர் உறையும் பள்ளியை ஈந்த செய்தி அதில் உள்ளது. ஔவையாரைப் போற்றிய தகடூர்ப் பெருமகனே அசோகன் எண்ணிய நால்வருள் ஒருவர் குடியிற் பிறந்தவன்.

பின்னர் நிகழ்ந்தது யாது? சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை எறிந்தான். அதியர் குடி சிறுத்தது. சங்கச் செய்யுட்களைத் தொகுத்தோர் காலத்தில் முடியுடையோர் மூவர் என்பது முடிந்த முடிபாயிற்று. நான்காமவன் வள்ளல்களின் வரிசையில் எழுவருள் ஒருவனாக வைக்கப்பட்டான். பறம்பின் பாரியையும் மூவர் ஒருங்கு முற்றினர் என்றே புறநானூற்றால் அறிகின்றோர், அம்மூவர் என்னும் தொகை எத்துணை வலிமையுடன் நின்றது என்பதையும் உணர்வர். மூன்று என்னும் எண் அழகியதுதான். ஆயின் அவ்வழகுக்கு ஓர் அரசகுடி விலையாயிற்று என்பது ஜம்பைக் கல் இல்லையேல் உறுதிப்பட்டிராது.

இனி, மூன்று முடியைப் பற்றிய செய்தி. சின்னமனூர்ப் பட்டயம் ஈந்த இராசசிம்மன் சோழன் முதற் பராந்தகனோடு பொருது தோற்றான். ஈழத்துப் படை துணைவந்தும் வெள்ளூர்ப் போரில், ஏறத்தாழ கி.பி. 915-இல், பாண்டியர் பக்கம் உடைந்தது. அரசன் கடல் கடந்து ஈழம் புக்கான். அங்கு அரசாண்ட தப்புலன் உதவக் கருதியும், அந்நாட்டு இளவரசர்க்குள் எழுந்த பூசலால் உதவி கைகூடவில்லை. அந்நிலையில் பாண்டியன் தன் முடியையும் ஏனை அரசச் சின்னங்களையும் ஈழத்திலேயே வைத்துவிட்டுக் கேரளம் சென்றான் என்று சூளவம்சம் என்னும் ஈழத்து வரலாற்று நூல் கூறுகின்றது. முடியை இழந்து சென்றான் என்னாது வைத்துச் சென்றான் என்றமையின், மீண்டு வருதும் என்னும் எண்ணம் அவனுக்கு இருந்திருத்தல் வேண்டும்.

மதுரையைக் கொண்ட பராந்தகனுக்கு அம்முடி வேண்டப்பட்டது. நாட்டைக் கைக்கொண்டும் முடியைக் கைக்கொள்ளாதவன் அந்நாட்டுக்கு முறையான வேந்தனாகான் என்பது அக்காலத்தார் கருத்துப் போலும். ஈழத்தரசன் உதயனிடம் தூது விடுத்தான், உதயன் மறுத்தான், சோழப்படை கடல் கடந்தது. உதயன் முடியுடன் உரோகண நாட்டுக் காடுகளிற் புகுந்து மறைந்தான். படை வெறுங்கையுடன் மீண்டது. மதுரையும் ஈழமும் கொண்டவன் எனப் பராந்தகனின் கல்வெட்டுகள் பெருமிதத்துடன் முழங்க, பாண்டியன் முடி ஈழத்துக் காட்டில் ஒளிந்திருந்தது.

கி.பி. 985-இல் அரியணை ஏறிய முதல் இராசராசன் மும்முடிச்சோழன் எனப் பெயர் பூண்டான். சேர சோழ பாண்டியர் முடி மூன்றும் தனக்கே உரிய என்பது அப்பெயரின் கருத்து. ஈழத்தில் அவன் படைகள் கைப்பற்றிய பகுதி மும்முடிச்சோழமண்டலம் ஆயிற்று. பொலன்னறுவைக்கு சனநாதமங்கலம் என்பது சோழர் வழங்கிய பெயர். வராகநதிக் கரையிற் காணும் மங்கலம் என்னும் ஈறு கடல் கடந்தும் சென்ற வகை இது. அவன் அலுவலாளரோ மூவேந்தவேளான் என்னும் பட்டத்தைத் தாங்கினர். இங்ஙனம் மண்டலத்தின் பெயரிலும் அரசன் பெயரிலும் அலுவலாளர் பெயரிலும் மூன்று முழுமை பெற்று விளங்கிய அந்நாளிலும், மூன்றாம் முடி சோழர் கையில் இல்லை.

அதனைக் கொணர்ந்தவன் மைந்தன் இராசேந்திரன். ஏறத்தாழ 1017-இல் ஈழத்தரசன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டபோது, ஈழத்தார் முடியும், அவர் தேவியர் முடியும், தென்னவன் முன்பு அவரிடம் வைத்த முடியும் இந்திரன் ஆரமும் கைவந்தன என இராசேந்திரன் மெய்க்கீர்த்தி விரித்துரைக்கின்றது. கேரளன் வழிவழி அணிந்த குலமுடியைக் கவர்ந்த செய்தி அதனை அடுத்து வருவது. எனவே தந்தை சூடிய பட்டம் முன்னும், மைந்தன் கொணர்ந்த முடிகள் பின்னும் ஆயின. இடைப்பட்ட காலமோ, இராசசிம்மன் ஓடிய நாள் முதலாக ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டு. மெய்க்கீர்த்தி பாடிய புலவர் இவ்வொவ்வாமையை மறைக்க முயலாமல், தென்னவன் முன்பு வைத்த முடி என்றே வெளிப்படக் கூறியது பாராட்டற்குரியது.

இராசசிம்மன் எதிர்ப்படும் மற்றோரிடம் சங்கம். அவன் பட்டயம் பாண்டியர் முன்னோரைப் புகழுமிடத்து, மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் மதுரையிற் சங்கம் நிறுவியதையும் சேர்த்துரைக்கின்றது. ஆண்டுக் கூறப்படுவது ஒரு சங்கமே. ஏழாம் நூற்றாண்டினராகிய திருநாவுக்கரசு சுவாமிகளும் திருப்புத்தூர்த் திருத்தாண்டகத்தில் இறைவன் புலவனாய்ச் சங்கம் ஏறியதைப் பாடுங்கால் ஒரு சங்கத்தையே குறித்தருளினர். மூன்று சங்கம் என்னும் விரிவு இறையனார் அகப்பொருளின் உரையில் வருவது. முதற்சங்கம் 4440 ஆண்டும், இடைச்சங்கம் 3700 ஆண்டும், கடைச்சங்கம் 1850 ஆண்டும் நடந்தன என்றும், அவற்றைக் காத்த பாண்டியர் முறையே 89, 59, 49 பேர் என்றும் அவ்வுரை கணக்கிடும். இவ்வாண்டுத் தொகை மூன்றும் 37-ஆல் மீதியின்றி வகுபடும். முறையே 120, 100, 50 மடங்கு. நடந்த நிகழ்ச்சிகளின் ஆண்டுகள் இங்ஙனம் ஒருங்கே வகுபடுதல் அரிது. வகுத்துப் பெருக்கினார் ஒருவர் கையே புலப்படுகின்றது. இதனாற் சங்கமே பொய்யென்று கூறுவார் அளவிறந்து செல்வர். மதுரையிற் புலவர் கூடித் தமிழாய்ந்தனர் என்பதற்குச் செப்பேடும் தேவாரமும் சான்றாக நிற்க, ஐயத்துக்கிடமாவது அதனை மூன்றாக்கிய கணக்கு மட்டுமே.

இக்குற்றம் பழையோர்க்கே உரியதும் அன்று. கோபன்ஹேகன் நகரத்துக் காட்சிச்சாலையில் தொல்பொருள்களை ஒழுங்குபடுத்திய தாம்சன் என்பார், 1836-இல் வெளியான தம் நூலில் மாந்தர் வரலாற்றைக் கல், வெண்கலம், இரும்பு என மூன்று காலமாகப் பகுத்தார். வடஐரோப்பாவுக்கு அப்பகுப்புப் பொருந்திற்று. அதனை உலகெங்கும் விதியாகக் கொண்டபோது, தமிழகத்தில் வெண்கலக் காலம் யாண்டுளது எனத் தேடுவோர் இளைத்தனர். இங்கோ புதிய கற்காலத்தை அடுத்து இரும்பே வந்துவிடுகின்றது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் இரும்பின் பழமை கி.மு. 3345 வரை செல்வதாகத் தமிழ்நாடு அரசு 2025-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. ஒரு நாட்டின் பெட்டிகளுக்கு ஏற்ற எண் மற்றொரு நாட்டின் மண்ணுக்கு ஏற்கவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டிற் காணப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்களும் மூன்றே. அவற்றுள் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோட் பூசலைச் சுட்டுகின்றது. அம்மூன்றுக்கு உட்பொருள் காண எவரும் முயலாதது நன்றே; நிலம் விட்டுவைத்தவை மூன்று, அவ்வளவே.

இதனால் சைவர் கருதவேண்டுவது ஒன்றுண்டு. முக்கண், முத்தலைச்சூலம், நீற்றின் மூன்று கீற்று, வில்வத்தின் மூவிதழ், முப்புரம் என்று அடுக்கி, ஆதலின் பொருளும் பதி பசு பாசம் என மூன்று என முடிப்பார் உளர். கேட்போர்க்கு இன்பந்தருவதாயினும், இது சித்தாந்தத்துக்கு வலி சேர்ப்பதன்று. எண்ணே ஏதுவாயின், அதே எண்ணைக் காட்டி மூவேந்தரைப் போலவே நான்காவதொன்றை மறைத்தீர் என்பார்க்கு விடையிராது. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரத்துள் எவ்விடத்தும் இங்ஙனம் எண்ணை ஏதுவாக்கினாரல்லர். உலகு தோன்றி நின்று ஒடுங்குவதால் அதற்கொரு கருத்தா வேண்டும் எனப் பதியும், உடலும் பொறியும் அல்லாத அறிவொன்று உண்டெனப் பசுவும், அவ்வறிவை மறைப்பது வேண்டப்படுதலின் பாசமும் தனித்தனி வாதத்தால் நிறுவப்பட்டன. எண்ணிப் பார்க்க மூன்றாயின.

எண்ணுக்கு அடிமைப்படாமை சித்தாந்தத்தின் பிறவிடங்களிலும் தெளிவு. படைத்தல் காத்தல் அழித்தல் என்னும் மூன்றோடு மறைத்தலும் அருளலும் கூட்டித் தொழில் ஐந்தென்பர். மலம் மூன்றென வகுத்தவரே, மாயேயமும் திரோதாயியும் சேர்த்து ஐந்தென்றும் எண்ணுவர். அயன் மால் உருத்திரன் என்னும் மூவர்க்கு மேலாகப் பரசிவத்தை வைத்தலின், அங்கும் மூன்று நிறைவெண் அன்று. வள்ளுவர் நூலும் 38, 70, 25 அதிகாரங்களாக முப்பாலாய் நின்றதாயினும், நான்காவதாகிய வீடு விடுபட்டதன் காரணத்தை ஆராய்ந்து, அது சொல்லுக்கு அடங்காமையின் துறவறத்தால் உணர்த்தப்பட்டதெனப் பரிமேலழகர் அமைதி கூறினர். குறைந்தது யாதென்று வினவிய பின்னரே அவர் மூன்றை ஏற்றார்.

தேவாரம் அருளிய முதலிகளும் முன்னாளில் மூவரே. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் இராசராசனின் இருபத்தொன்பதாம் ஆண்டளவில், கி.பி. 1014-இல், நம்பி ஆரூரர், திருநாவுக்கரையர், திருஞானசம்பந்தர் ஆகியோர் திருவுருவங்களும், உடன் பரவை நங்கையார் திருவுருவமும் செம்பில் எழுந்தருளுவிக்கப்பட்டன. மாணிக்கவாசகர் திருவுருவம் அக்கல்வெட்டில் இல்லை. பிற்காலத்துக் கோயில்களில் நால்வரும் ஒரு வரிசையில் நின்றருளுகின்றனர்; திருவாசகம் எட்டாந் திருமுறையாயிற்று. மூவர் நால்வரானதைக் குறித்து எவரும் வழக்கிட்டிலர். தஞ்சையில் அம்மூவர் திருவுருவை எழுந்தருளுவித்த கோயில் அலுவலர் பெயர் ஆதித்தன் சூரியன். அவன் தாங்கிய பட்டம் தென்னவன் மூவேந்தவேளான். அவன் அதைப் பொறித்த ஆண்டிலும் தென்னவன் முடி ஈழத்திலேயே இருந்தது.